சர்வரின் சாவி கையில் இருந்தும் பழைய பதிவு திறக்காதது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: நிறுவனத்தின் வெப் சர்வரிலிருந்து வாடிக்கையாளர் தரவு வெளியே போயிருக்கலாம் என்று சந்தேகம், மூன்று வாரங்களுக்கு முந்தைய பாக்கெட் பதிவு (வலையமைப்பில் போன தரவின் நகல்) இருக்கிறது, சர்வர் மட்டும் இரகசியமாக வைத்திருக்கும் தனிச்சாவியும் உங்களிடமே இருக்கிறது, அந்தப் பதிவைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் சாவியைக் கொடுத்த பிறகும் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற வரிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எங்கே தவறினோம் என்பது கேள்வியின் முதல் பாதி. செயலிகளைச் சோதிப்பவர்கள் மட்டும் இதே குறியாக்கத்தை எப்படி நாள்தோறும் திறந்து வாசிக்கிறார்கள் என்பது இரண்டாம் பாதி. இரண்டுக்கும் அடியில் ஓர் ஆதங்கம் இருப்பதாகப் படுகிறது: சர்வர் நம்முடையது, சாவி நம்முடையது, நம் தரவை நாமே பார்க்க முடியாதா? நடந்து முடிந்த உரையாடலைப் பொறுத்தவரை பெரும்பாலும் முடியாது. அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் எங்கும் தவறவில்லை; நீங்கள் பின்பற்றிய பயிற்சிக் குறிப்புதான் பழையது.

அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் ஆர்.எஸ்.ஏ. என்ற பொதுச்சாவி முறையிலான சாவிப் பரிமாற்றம் பரவலாக இருந்தது. பிரவுசர் ஓர் இரகசிய எண்ணை உருவாக்கி, சர்வரின் பொதுச்சாவியால் அதைப் பூட்டி அனுப்பும். தனிச்சாவி வைத்திருக்கும் எவரும், எத்தனை ஆண்டு கழித்தும், பதிவிலிருந்து அந்த எண்ணை எடுத்து முழு உரையாடலையும் திறக்கலாம். இப்போது நடப்பது வேறு. இரு முனைகளும் ஒவ்வோர் அமர்வுக்கும் புதிதாக ஒரு தற்காலிகச் சாவி இணையை உருவாக்கி, டிஃபி–ஹெல்மன் என்ற கணக்கு முறையின் மூலம் இருவருக்கும் பொதுவான ஓர் இரகசியத்தை அடைகின்றன. அமர்வு முடிந்ததும் தற்காலிகச் சாவிகளை அழித்துவிடுகின்றன. அந்த இரகசியம் கம்பியில் ஒருபோதும் பயணிப்பதில்லை. உங்கள் தனிச்சாவி இங்கே செய்வது ஒரே வேலை: 'இந்தப் பரிமாற்றத்தை நடத்துவது நான்தான்' என்று கையெழுத்திடுவது. கையெழுத்துக்கு மட்டும் பயன்பட்ட சாவியால் அந்த உரையாடலைத் திறக்க முடியாது. வயர்ஷார்க்கில் ஆர்.எஸ்.ஏ. சாவிக்கான இடம் இன்னும் இருக்கிறது. பழைய பரிமாற்ற முறைக்கு மட்டுமே அது பயன்படும்.

இது சிலருடைய பிடிவாதத்தால் வந்த மாற்றமல்ல. 2013-இல் லாவாபிட் என்ற அமெரிக்க மின்னஞ்சல் சேவைக்கு நடந்ததைப் பாருங்கள். ஒரே ஒரு பயனரைக் கண்காணிக்க எஃப்.பி.ஐ. அந்தச் சேவையின் தனிச்சாவியையே கேட்டது. அதைக் கொடுத்தால் சுமார் நான்கு லட்சம் பயனர்களின் போக்குவரத்தும் சேர்ந்து திறந்துவிடும். உரிமையாளர் லாடார் லெவிசன் சாவியை 4 புள்ளி அளவு எழுத்தில், 11 பக்கங்களில், காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். நீதிமன்றம் இரசிக்கவில்லை, மின்வடிவில் தரும்வரை நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. கொடுத்தார், ஆகஸ்ட் 8 அன்று சேவையை மூடினார். அடுத்த ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் இருந்த ஹார்ட்பிளீட் பிழை வெளியானபோது, நீதிமன்ற உத்தரவே இல்லாமல் சர்வரின் நினைவகத்திலிருந்து தனிச்சாவியை உருவ முடியும் என்று தெரிந்தது. ஒரு சாவி போனால் கடந்த காலம் முழுவதும் போகும் என்ற ஏற்பாடு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. இணைய இணைப்புகளைக் குறியாக்கும் நெறிமுறையான டி.எல்.எஸ்.-இன் 1.3 பதிப்பு 2018 ஆகஸ்டில் வந்தது; அது பழைய ஆர்.எஸ்.ஏ. பரிமாற்றத்தை அடியோடு நீக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே அமெரிக்க நிதித் துறையினர் இந்த நெறிமுறையை வகுக்கும் தரநிலைக் குழுவிடம், 'எங்கள் உள் வலையமைப்பில் மோசடியைக் கண்டுபிடிக்க அது வேண்டும், விட்டுவையுங்கள்' என்று கேட்டார்கள். குழு மறுத்தது. அவர்கள் கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒன்றுதான். மறுத்தது சரி என்பது என் கருத்து. ஆனால் தடயவியல் மேசையில் உட்காருபவர்களுக்கு அதன் விலை தெரியும்.

ஆனாலும் பதிவை மூடி வைப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, ஒவ்வோர் அமர்விலும் சர்வர் அனுப்பும் 'சர்வர் ஹலோ' செய்தி. அதில் தேர்வான குறியாக்கத் தொகுப்பின் பெயர் இருக்கும். பெயரில் இ.சி.டி.எச்.இ. அல்லது டி.எச்.இ. (இரண்டும் தற்காலிகச் சாவி டிஃபி–ஹெல்மனைக் குறிப்பவை) என்று இருந்தாலோ, டி.எல்.எஸ். 1.3 தொகுப்பாக இருந்தாலோ தனிச்சாவியால் பயனில்லை. டி.எல்.எஸ். என்ற முன்னொட்டை அடுத்து நேராக ஆர்.எஸ்.ஏ. என்று வந்தால் உங்கள் சாவி வேலை செய்யும். பிரவுசர் இணைப்புகளில் இது அரிது; ஆனால் பழைய ஜாவா நிரல்கள், கூட்டாளி நிறுவனங்களின் காலாவதியான இணைப்புகள், அச்சு இயந்திரம் முதல் வருகைப் பதிவுக் கருவி வரையான சாதனங்கள் ஆகியவற்றில் இன்னும் தென்படும். எனவே முழுப் பதிவையும் ஒரே முடிவில் தள்ளிவிடாமல் அமர்வு அமர்வாகப் பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது இடம் பலருக்குத் தோன்றாது: அமர்வு டிக்கெட். டி.எல்.எஸ். 1.2-இல் அடுத்த இணைப்பு விரைவாக அமைய, சர்வர் அந்த அமர்வின் முதன்மை இரகசியத்தைத் தன்னிடமுள்ள டிக்கெட் சாவியால் பூட்டி, பிரவுசரிடமே கொடுத்து வைக்கிறது. அந்த டிக்கெட் குறியாக்கம் தொடங்கும் முன்பே கம்பியில் போவதால் உங்கள் பதிவிலும் இருக்கும். டிக்கெட் சாவி கிடைத்தால் உள்ளே இருக்கும் இரகசியம் கிடைக்கும். அதை உரிய வடிவில் எழுதிக் கொடுத்தால், சாவிப் பரிமாற்றம் டிஃபி–ஹெல்மனாக இருந்தாலும் வயர்ஷார்க் அந்த அமர்வைத் திறந்துவிடும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடும் ஒற்றை சர்வர் என்றால் இந்தச் சாவி இயல்பாக நினைவகத்தில் மட்டுமே இருக்கும், மறுதொடக்கத்தோடு போய்விடும். பல சர்வர்கள் ஒரே பெயரில் இயங்கும் இடத்தில்தான் நிர்வாகி ஒரு சாவிக் கோப்பை உருவாக்கி எல்லாவற்றிலும் போட்டு வைத்திருப்பார், பல நேரம் ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே. பாதுகாப்பு ஆலோசகனாக அதைக் கண்டித்து எழுதுவேன். உங்கள் நிலையில் அது வரம். டி.எல்.எஸ். 1.3-இல் இந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

சர்வரை அந்த நாளிலிருந்து அணைக்கவே இல்லை என்றால் நினைவகத்தைப் படியெடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொள்கையளவில் சரி. மூன்று வாரங்களுக்கு முன் முடிந்த அமர்வின் சாவி, அதற்குப் பின் எத்தனையோ இணைப்புகள் எழுதி அழித்த நினைவகத்தில் தப்பியிருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். ஆனால் டிக்கெட் சாவி இன்னும் மாறாமல் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. அதற்காகவேனும் சர்வரை மறுதொடக்கம் செய்வதற்கு முன் ஒரு படி எடுத்துவிடுங்கள். படியெடுப்பதே நினைவகத்தைச் சிறிது மாற்றும் என்பதையும், எப்போது, எந்தக் கருவியால், யார் எடுத்தார் என்பதையும் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் கைகொடுக்காவிட்டாலும் பதிவு வீணல்ல. உள்ளடக்கம் மறைந்திருந்தாலும் யார், எப்போது, எவ்வளவு என்பவை மறைவதில்லை. வழக்கமாகச் சில நூறு கிலோபைட் வாங்கும் ஒரு முகவரி அன்றிரவு ஒரு ஜிகாபைட் வாங்கியிருந்தால், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமலே விசாரணையின் திசை கிடைத்துவிடும். இணைப்பைத் தொடங்குபவர் அனுப்பும் முதல் செய்தியான 'கிளையன்ட் ஹலோ'வின் அமைப்பை வைத்து எதிரே இருந்தது பிரவுசரா நிரலா என்று ஊகிக்க ஜே.ஏ.3 என்ற கைரேகை முறை 2017-இல் வந்தது. இங்கே எச்சரிக்கை வேண்டும். கைரேகை என்ற பெயர் அதற்கு அதிகம். அதைப் போலி செய்வது எளிது. 2023 முதல் குரோம் தன் ஹலோவின் பகுதிகளை வேண்டுமென்றே கலைத்துப் போடுவதால் ஒரே பிரவுசர் பல ரேகைகளைக் காட்டும். அதன் வாரிசான ஜே.ஏ.4 வரிசைப்படுத்திக் கணக்கிடுவதால் கொஞ்சம் மேல். தேடலைக் குறுக்க இரண்டையும் பயன்படுத்துவேன். அறிக்கையின் முடிவுரையில் ஒருபோதும் சேர்க்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. குறியாக்கம் காப்பது கம்பியைத்தான்; சர்வருக்குள் போனதும் எல்லாம் வெளிப்படை. வெப் சர்வரின் அணுகல் பதிவு, செயலியின் பதிவு, தரவுத்தள வினவல் பதிவு ஆகியவற்றில் நீங்கள் தேடும் பாதி விடை இருக்கலாம். முன்னால், இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் இருந்தால் டி.எல்.எஸ். அங்கேயே முடிந்து, உள்ளே சர்வர்வரை குறியாக்கமில்லாத வெறும் எச்.டி.டி.பி.யாகப் போகும் அமைப்புகள் ஏராளம். அந்த உட்பகுதியில் யாராவது பதிவு எடுத்திருந்தால் அவிழ்க்க வேண்டிய தேவையே இல்லை. பாக்கெட்டில் மாட்டிக்கொண்டு நாட்களைச் செலவிட்டவர்கள், அணுகல் பதிவைத் திறந்த ஒரு மணி நேரத்தில் விடை கண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல் நடப்பதைப் படிக்க வேண்டும் என்றால் வழி தெளிவு: ஏதாவது ஒரு முனையில் அமர்வுச் சாவிகளை அவை பிறக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், கட்டளை வரிக் கருவியான கர்ல் ஆகியவை எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் (SSLKEYLOGFILE) என்ற சூழல் மாறியில் ஒரு கோப்பின் பெயர் தந்தால் ஒவ்வோர் அமர்வின் இரகசியத்தையும் அதில் எழுதும். வயர்ஷார்க் அதைப் படிக்கும். டி.எல்.எஸ். 1.3-க்கும் இது பொருந்தும். சர்வர் பக்கத்தில் இந்த வசதி மென்பொருளைப் பொறுத்தது. லினக்ஸ் என்றால் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் எழுதும், படிக்கும் செயற்கூறுகளில் இ.பி.பி.எஃப். (கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாகத் தொற்றி, பூட்டுவதற்கு முந்தைய வரியையே எடுக்கலாம். இரண்டிலும் ஓர் ஆபத்து: அந்தச் சாவிக் கோப்பும் அப்படி எடுத்த வரிகளும் வாடிக்கையாளர் தரவுக்குச் சமம். சோதனைக்காகத் திறந்து, மறந்து, காப்புப்பிரதியோடு சேர்ந்து மேகச் சேமிப்புக்குப் போய்விட்டால், நீங்களே அடுத்த கசிவை உண்டாக்கியவர் ஆவீர்கள். எந்த முகவரிக்கு, எத்தனை நாளுக்கு, யார் அனுமதியோடு என்று எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். செயலியைச் சோதிப்பவர் குறியாக்கத்தை உடைப்பதில்லை. தன் சொந்தக் கைபேசியில், தானே உருவாக்கிய ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாகும் சான்றிதழை) நிறுவுகிறார். பர்ப் அல்லது மிட்எம்பிராக்ஸி போன்ற பிராக்ஸி (இடைநின்று கடத்தும்) கருவி நடுவில் நின்று, கைபேசியிடம் சர்வராகவும் சர்வரிடம் கைபேசியாகவும் பேசுகிறது. ஒன்றல்ல, இரண்டு தனித்தனி டி.எல்.எஸ். அமர்வுகள்; இடையில் வெளிப்படை. கைபேசி அந்தப் போலிச் சான்றிதழை ஏற்பதற்குக் காரணம் அதன் உரிமையாளரே நம்பச் சொன்னதுதான். நீங்கள் சாவியோடு வாசலில் நிற்க வேண்டியிருக்க, அவர் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் சம்மதத்தோடு நுழைகிறார்.

அதுவும் ஆண்டுதோறும் கடினமாகிறது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்ட் 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. ஐபோனில் நிறுவியபின் அமைப்புகளுக்குள் போய் முழு நம்பிக்கையைத் தனியே இயக்க வேண்டும். ஆண்ட்ராய்ட் 14-இல் அமைப்பின் சான்றிதழ்க் கிடங்கே இடம் மாறியதால் ரூட் செய்த, அதாவது முழு நிர்வாக அதிகாரம் திறக்கப்பட்ட, கைபேசிகளில் பழைய தந்திரங்கள் பலிக்கவில்லை. ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கக் கட்டமைப்பில் எழுதிய செயலிகள் கைபேசியின் பிராக்ஸி அமைப்பைக் கண்டுகொள்வதில்லை. குவிக் என்ற புதிய இணைய நெறிமுறை, வழக்கமான டி.சி.பி.க்குப் பதிலாக யு.டி.பி.யின் 443-ஆம் போர்ட் வழியாகப் போவதால் பல பிராக்ஸிகளின் கண்ணில் படாமலே தப்பும். சோதனை வலையமைப்பில் அந்தப் போர்ட்டை மூடினால் பெரும்பாலான செயலிகள் பழையபடி டி.சி.பி.க்குத் திரும்பிவிடும். செயலி குறிப்பிட்ட சான்றிதழை மட்டுமே ஏற்கும்படி பின்னிங் செய்திருந்தால் ஃப்ரிடா போன்ற கருவியால் அந்தச் சரிபார்ப்பை ஓடும்போதே முடக்குவார்கள். உங்கள் சொந்தச் செயலி என்றால் இந்தச் சண்டையே தேவையில்லை. சோதனைப் பதிப்புக்கு மட்டும் உங்கள் சான்றிதழை நம்பும்படி வலையமைப்புப் பாதுகாப்பு அமைப்புக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். 'பின்னிங்கைத் தாண்டிவிட்டோம்' என்பதை மிகக் கடுமையான குறைபாடாக எழுதித் தரும் சோதனை அறிக்கைகள் நிறைய வருகின்றன. ரூட் செய்த தன் கைபேசியில் தானே ஒரு சரிபார்ப்பை முடக்கியதில் என்ன குறைபாடு இருக்கிறது? கைபேசிக்குச் சொந்தக்காரர் கடைசியில் வெல்லத்தான் செய்வார். பார்க்க வேண்டியது, தாண்டிய பிறகு என்ன தெரிந்தது என்பதை: கணக்கு எண்ணை மாற்றி அனுப்பினால் அடுத்தவர் விவரம் வருகிறதா, கடவுச்சொல் பதிவுச் சேவைக்குப் போகிறதா. இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். முதல் சோதனையை உங்கள் ரூட் சான்றிதழை நிறுவாமலே செய்யுங்கள். அப்போதும் செயலி உங்கள் போலிச் சான்றிதழை ஏற்றுப் பேசினால், தெருமுனை வைஃபையில் எவரும் அதை வாசிக்கலாம் என்று பொருள். மிகக் கடுமையானது என்ற முத்திரை அதற்குத்தான் பொருந்தும். சான்றிதழை முதலிலேயே நிறுவிவிட்டால் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது.

'அப்படியானால் அலுவலகம் முழுவதற்கும் இப்படி ஒரு நடுவரை வைத்துவிடலாமா?' என்பது அடுத்து வரும் யோசனை. வைக்கிறார்கள், தரவு கசிவதைப் பிடிக்க அது உதவும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் நடுவர் நிற்கும்போது பிரவுசர் சர்வரின் உண்மைச் சான்றிதழைப் பார்ப்பதே இல்லை. சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் நடுவராக நிற்கும் அந்தப் பெட்டிக்குப் போகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் மொசில்லா, கூகுள், கிளவுட்ஃப்ளேர் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அளந்த இடத்தைப் பொறுத்து 4 முதல் 11 விழுக்காடு இணைப்புகள் இப்படி இடைமறிக்கப்பட்டிருந்ததாகவும், அவற்றில் பல அதனால் பலவீனமானதாகவும் காட்டியது. 2015-இல் லெனோவோ மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் எல்லாக் கணினியிலும் ஒரே ரூட் சாவியை வைத்திருந்தது. ஆய்வாளர் ஒருவர் அதன் கடவுச்சொல்லைச் சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார். நம் நாட்டிலும் 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியானதைக் கூகுள் கண்டுபிடித்தது; மறுநாளே அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை மேலமைப்பு இரத்து செய்தது. விண்டோஸ் அந்தச் சங்கிலியை நம்பியது. ஃபயர்ஃபாக்ஸின் சொந்தக் கிடங்கில் அது இல்லாததால் அதன் பயனர்களுக்குப் பாதிப்பில்லை. நம்பிக்கைச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் எத்தனை பேரைத் தொடும் என்பதை நினைவில் கொண்டு, பெட்டி வைப்பதானால் வங்கி, மருத்துவமனைத் தளங்களை விலக்குங்கள். ஊழியர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள். காலாவதியான சான்றிதழுள்ள தளத்தைத் திறந்து பெட்டி தடுக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இதில் தெரியும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். அங்கே செய்தியின் குறியாக்கம் இரு பயனர்களின் கைபேசிகளுக்கிடையே நடக்கிறது.

நீதிமன்றம்வரை போகும் சாத்தியம் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞன் அல்ல. இந்தப் பகுதியை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செயல்படுங்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினியிலோ வலையமைப்பிலோ புகுந்து தரவை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும். மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். குறியாக்கத்தை நீக்கித் தருமாறு கட்டளையிடும் 69-ஆம் பிரிவின் அதிகாரம் அரசுக்கு உரியது. நிறுவன நிர்வாகம் அதைத் தனக்கென எடுத்துக்கொள்ள முடியாது. ஊழியர் பணி ஒப்பந்தத்தில் போட்ட ஒரு கையெழுத்து எல்லாக் கண்காணிப்பையும் நியாயப்படுத்தும் என்று சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

சான்று என்ற அளவில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். நடுவர் பிராக்ஸி எடுத்த பதிவைவிட, தொடாமல் எடுத்த பாக்கெட் பதிவும் தனியே எழுதிய சாவிக் கோப்பும் வலுவானவை. பிராக்ஸி கோரிக்கையோடு வரும் தலைப்பு வரிகளை (ஹெடர்) மாற்றலாம், நெறிமுறைப் பதிப்பை மாற்றலாம். அது காட்டுவது தான் பங்கேற்ற உரையாடலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்பதிவோடு தர வேண்டிய சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உண்டு: பதிவைத் தாக்கல் செய்பவருடையது ஒன்று, வல்லுநருடையது மற்றொன்று. இரண்டிலும் ஹேஷ் மதிப்பை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை) குறிக்க வேண்டும். எனவே மூலப் பதிவுக்கு இன்றே எஸ்.எச்.ஏ.256 முறையில் ஹேஷ் கணக்கிட்டு, இரண்டு சாட்சிகள் முன் எழுதி வையுங்கள். படியில் மட்டும் வேலை செய்யுங்கள். வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப் சாவிகளைப் பதிவுக் கோப்புக்குள்ளேயே சேர்த்துத் தரும். வசதிதான், ஆனால் மூலத்தில் அதைச் செய்யாதீர்கள், ஹேஷ் மாறிவிடும். சர்வரின் கடிகாரமும் பதிவெடுத்த கணினியின் கடிகாரமும் எத்தனை விநாடி விலகியிருக்கின்றன என்பதையும் இப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் வரும் கேள்விகளில் அதுவும் ஒன்று.